பிந்தி வந்தோர்க்கும் ஒரு வாசல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். பேச்சின் இடையே வந்த சில விளக்கங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



யாழ்ப்பாணத்திற் கல்வியைப் பற்றிப் பேச எழுபவர் பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பற்றியே பேசுவார். உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாள், மாவட்ட நிலை, தீவு நிலை, வெட்டுப்புள்ளி, எந்தப் பாடசாலையிலிருந்து எத்தனை பேர் மருத்துவ பீடத்துக்கு, எத்தனை பேர் பொறியியற் பீடத்துக்கு என்ற கணக்கு: நம்முடைய பத்திரிகைகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் நிரப்பும் பக்கங்கள் இவை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொருவரை. அவருக்கு வயது முப்பதோ நாற்பதோ இருக்கும். படிக்க வேண்டிய காலத்திற் படிக்க முடியாமற் போனவர், அல்லது பல்கலைக்கழக வாசல்வரை வந்து அரைப் புள்ளியிலோ ஓர் இடப்பெயர்விலோ திரும்பிப் போனவர். இப்போது படிக்க விரும்புகிறார், ஆற்றலும் இருக்கிறது. இடத்துக்குப் போட்டி கடுமையாக உள்ள ஒரு பீடத்தில், உள்வாரி மாணவராக, அவர் எந்த வழியால் உள்ளே போகலாம்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டின் அனுமதி முறையிடம் நேரான பதில் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த இடத்தால் ஒருவருக்கு வந்த குறையை நம் அனுமதி முறை கணக்கில் எடுக்கிறது. காலத்தால் வந்த குறையை எடுப்பதில்லை. இருபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கென ஒவ்வொரு பீடத்திலும் ஒரு சிறு பங்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த இடங்களுக்கு அவர்கள் தமக்குள்ளேயே எழுத்துப் பரீட்சையிற் போட்டியிட வேண்டும். யாரும் இதைக் கருணை இடம் என்று எண்ண வேண்டியதில்லை. போட்டியிடும் உரிமையைத்தான் அவர்களுக்காகக் கேட்கிறேன்.

1

பிந்திப் படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. நம் உயர்கல்வி வரலாற்றின் முதற் பக்கத்திலேயே அது இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி 1855 இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் என்று நாம் பெருமையோடு சொல்லும் இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள். இந்தப் பெருமையைச் சொல்லும்போது அவர்களுடைய வயதை நாம் சொல்வதில்லை. தாமோதரம்பிள்ளை 1832 இற் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். பட்டம் பெறும்போது இருபத்தைந்தை எட்டியிருந்தார், உத்தியோகமும் பார்த்திருந்தார். விசுவநாதபிள்ளை முப்பதைத் தாண்டியவர். படித்த செமினரியிலேயே கற்பித்து, ஆசிரியராகப் பெயர் பெற்ற பின்னரே பரீட்சை மண்டபத்துக்குள் போனார். தாமோதரம்பிள்ளை அத்தோடும் நிற்கவில்லை. 1871 இற் சட்டத்திற் பி.எல். பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாம் அவரை நினைவுகூரும் பதிப்புகளுள் 1881 இன் வீரசோழியமும் 1887 இன் கலித்தொகையும் அதற்குப் பின்னர் வந்தவை. படிப்புக்கு வயது ஒன்று உண்டென்றும் அது இருபதோடு முடிகிறதென்றும் அன்றைய யாழ்ப்பாணம் நினைத்திருந்தால், தமிழ்ப் பதிப்புலகம் எவ்வளவு இழந்திருக்கும் என்பதை இங்குள்ள தமிழறிஞர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

லண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தன் பரீட்சைகளை வெளியாருக்குத் திறந்தது. எங்கே படித்தாய், எப்போது படித்தாய் என்று அது கேட்கவில்லை. என்ன தெரியும் என்று மட்டும் கேட்டது. 1921 இற் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. நம் ஊர்ப் பாடசாலைகளில் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் பகலிற் படிப்பித்து இரவிற் படித்து அந்தப் பரீட்சை எடுத்தவர்கள். விபுலாநந்த அடிகளை நினையுங்கள். 1892 இற் காரைதீவிற் பிறந்தவர்; ஆசிரியப் பயிற்சி முடித்து, கற்பித்து, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சை எழுதி, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, 1920 இல், இருபத்தெட்டு வயதில், லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அவரே. இருபத்தெட்டு வயது ஆசிரியர் ஒருவர் பௌதிகம் படிக்க ஆசைப்பட்டால் இன்று எந்தப் படிவத்தை நிரப்புவார்?

அந்தப் பழைய வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும், கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கும், அநேகமாக ஆண்களுக்குமே அது திறந்தது. 1945 இன் இலவசக் கல்வியும் பிறகு வந்த தாய்மொழிக் கல்வியும் நுழைவோரின் தொகையைப் பெருக்கின. வர்க்கத்தாலும் மொழியாலும் அடைபட்டிருந்த கதவு அகலத் திறந்தது; அதே காலத்தில் வயதுக் கதவு ஓசையில்லாமற் சாத்திக்கொண்டது. யாரும் தீர்மானம் போட்டு அதைச் சாத்தவில்லை. ஆகையால் யாரும் அதைக் கவனிக்கவுமில்லை.

2

கதவு எந்த இடத்திற் சாத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயதானவர் உயர்தரப் பரீட்சை எழுதக்கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவர் தோற்றலாம். தடைகள் வேறு மூன்று. முதலாவது, மூன்று தடவை விதி. பல்கலைக்கழக அனுமதிக்கு ஒருவரின் உயர்தரப் பெறுபேறு மூன்று முறைதான் எண்ணப்படும். நான்காந் தடவை எவ்வளவு உயர்ந்த பெறுபேறு எடுத்தாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கணக்குக்குள் அது வராது. பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுக்குள், குண்டுச் சத்தத்துக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் மூன்று தடவையும் எழுதி முடித்தவருக்கு, வாழ்நாள் முழுவதற்குமான வாய்ப்பு அப்போதே தீர்ந்துவிட்டது. இரண்டாவது, பெறுபேற்றின் ஆயுள். ஒவ்வொரு கல்வியாண்டின் அனுமதியும் அதற்குரிய ஆண்டின் பரீட்சைப் பெறுபேற்றைக்கொண்டே நடக்கிறது. நல்ல பெறுபேறு எடுத்தும் வீட்டுச் சூழலால் போகாமல் விட்டவர் பத்து ஆண்டு கழித்து அந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தால் அதற்கு மதிப்பில்லை.

மூன்றாவது தடை நுட்பமானது. நம் கல்வியாளர்கள் போதிய அளவு பேசாததும் அதுவே. 2001 இலிருந்து அனுமதி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு பாடத்தில் எடுத்த புள்ளி, அந்த ஆண்டில் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துக் காண்பது அது. வெவ்வேறு பாடங்களை ஒப்பிட நல்ல கருவி. பழைய முறைகளின் அநீதிகள் சிலவற்றை அது நீக்கியது. ஆனால் அதன் இயல்பை மறக்கக்கூடாது. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை அது அளப்பதில்லை. கூடவே எழுதிய கூட்டத்தில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையே அளக்கிறது. அந்தக் கூட்டமோ இரண்டரை ஆண்டு காலையிற் பாடசாலை, மாலையில் ரியூற்றரி, விடுமுறையிற் கருத்தரங்கு, கடந்தகால வினாத்தாள் என்று ஒரே பரீட்சைக்காக வாழ்ந்த பத்தொன்பது வயதினரின் கூட்டம். நெல்லியடியிலோ சுன்னாகத்திலோ காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் ஒருவரை, இரண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் அமரும் ஒருவரை, அந்த வரிசையில் நிறுத்தி அளந்தால், அவர் பிந்தி நிற்பது அறிவுக் குறைவாலா, வரிசை வேறென்பதாலா? இசட் புள்ளியால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி ஒதுக்கீட்டைப் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் தீவு மட்டத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. இதன் பின்னாலுள்ள கொள்கை தெளிவானது: வசதி குறைந்த இடத்திலிருந்து எடுத்த புள்ளியும் வசதி நிறைந்த இடத்திலிருந்து எடுத்த புள்ளியும் தாளில் ஒன்றாக இருக்கலாம், அவற்றின் பின்னாலுள்ள முயற்சி ஒன்றன்று. இந்தக் கொள்கையை நாடு ஏற்று விதியும் ஆக்கிவிட்டது. இடம் ஒரு மனிதனின் வாய்ப்பைக் குறைக்கும் என்றால் காலமும் குறைக்கும். முல்லைத்தீவிற் பிறந்தவருக்கு ஒரு வாசல் வேண்டுமென்று ஒப்புக்கொள்ளும் அறிவு, 1995 இற் பதினெட்டு வயதாயிருந்தவருக்கும் ஒரு வாசல் வேண்டுமென்பதை மறுப்பதற்கு நியாயம் எங்கே இருக்கிறது?

3

1995 என்று சும்மா சொல்லவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தில் நெருங்கி நடந்தவர்களுள் உயர்தர வகுப்பு மாணவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் 1987 இன் வடமராட்சி நடவடிக்கை, அதே ஆண்டு ஒக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நடந்த சண்டை, 1990 இலிருந்து மின்சாரமில்லாத இரவுகள். அதற்குப் பின் 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது, 2009 இன் வன்னிப் பேரழிவு, செட்டிக்குளத்து முகாம்கள். 1969 இற் பிறந்தவரிலிருந்து 1991 இற் பிறந்தவர்வரை, தம் பதினெட்டு வயதை இந்தப் பட்டியலின் ஏதோ ஒரு வரியிற் கழித்தவர்கள் இன்னும் நம்மிடையே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுட் பலர் பெண்கள். குடும்பத் தலைமை தம் தலையில் வந்தபோது கொப்பியை மூடியவர்கள்.

போர் ஒருவரின் கல்விக் காலத்தைத் தின்னும் என்பதை இலங்கை அரசும் ஏற்கெனவே ஏற்றுள்ளது. மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் விசேட அனுமதி என்ற பகுதியில் ஆயுதப்படையினருக்கும் பொலிஸாருக்கும் விசேட அதிரடிப் படையினருக்கும் இடம் வைக்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டு முதலிய துறைகளில் மிளிர்ந்தவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. இவற்றை நான் குறை கூறவில்லை. இவை நல்ல முன்மாதிரிகள். சாதாரண வாசலால் வர முடியாதவருக்குத் தனி வாசல் வைப்பது நம் சட்டத்துக்கு அந்நியமன்று என்பதை இவை நிறுவுகின்றன. சீருடையில் இருந்தவரின் இழந்த காலம் எண்ணப்படுமானால், சீருடை எதுவும் அணியாமல் அதே காலத்தை இழந்த குடிமக்களின் காலமும் எண்ணப்பட வேண்டும்.

அமெரிக்காவில் 1944 இற் கொண்டுவரப்பட்ட போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் இதற்குப் பெரிய சான்று. அதன் கீழ் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாட் படையினர் கல்லூரிகளுக்குப் போனார்கள். சட்டம் வந்தபோது, தரம் கெடும் என்று எச்சரித்தவர்களுள் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸும் ஹார்வர்ட் தலைவர் கோனன்ற்றும் இருந்தார்கள். சில ஆண்டுகளிற் கோனன்ற் தம் கருத்தை மாற்றி, தாம் கண்ட மாணவர்களுள் இவர்களே முதிர்ச்சியும் ஆற்றலும் மிக்கவர்கள் என்ற பொருளிற் பேச நேர்ந்தது. அந்தச் சட்டத்தின் பயன் கறுப்பினத்தவருக்குச் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பது அதன் பெரிய களங்கம். ஆயினும், குடும்பப் பொறுப்போடு வகுப்பறைக்கு வந்தவர் தரத்தைத் தாழ்த்துவார் என்ற அச்சத்தை அது பொய்யாக்கியது.

4

அமைதிக் காலத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்த நாடுகளில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியவை இரண்டு. சுவீடன் 1977 உயர்கல்விச் சீர்திருத்தத்தில் இருபத்தைந்து வயது நிரம்பி நான்கு ஆண்டு வேலை செய்தவர், பாடசாலை இறுதிச் சான்றிதழ் இல்லாமலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதித்தது. அவர்களைத் தெரிவுசெய்வதற்கென ஒரு பொதுப் பரீட்சையும் உருவாக்கியது. வயது வந்தோருக்கென்று தொடங்கிய அந்தப் பரீட்சை 1991 இல் எல்லா வயதினருக்கும் விரிந்தது. ஸ்பெயினில் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்குத் தனி நுழைவுப் பரீட்சை உண்டு. பல்கலைக்கழக இடங்களிற் குறைந்தது 2 வீதம் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது அங்கே சட்டம். நாற்பதைக் கடந்தவருக்கு அவர் செய்த தொழிலின் அனுபவத்தை மதிப்பிடும் இன்னொரு வழியும் உண்டு.

பிரித்தானியாவில், இருபத்தொரு வயதுக்குப் பின் முதற் பட்டத்துக்கு வருபவரை முதிர் மாணவர் என்றே தனியாக வகுக்கிறார்கள். போட்டியின் உச்சியில் நிற்கும் ஒக்ஸ்போர்டில் ஹரிஸ் மன்செஸ்ரர் கல்லூரியும், கேம்பிரிட்ஜில் வுல்ஃப்சன், ஹியூஸ் ஹோல், சென்ற் எட்மண்ட்ஸ் ஆகியவையும் அவர்களுக்கென்றே உள்ளவை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வுட்ஸ்வேர்த் கல்லூரி, பாடசாலைத் தகுதி குறைந்த பெரியவர்களுக்கு ஒரு பாலக் கற்கைநெறி நடத்துகிறது. அதில் நன்றாகச் செய்தவர் பட்டப்படிப்புக்குப் போகலாம். ரொறன்ரோவின் புறநகர் ஸ்காபரோவில் எத்தனை யாழ்ப்பாணத்தார் வாழ்கிறார்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. விமானம் ஏறிய யாழ்ப்பாணத்தவருக்கு நாற்பது வயதிலும் ஒரு வழி இருக்கிறது. ஊரில் நின்றவருக்கு இல்லை.

5

இனி மறுப்புகள். இவற்றை நான் இலேசாக எடுக்கவில்லை; சில மறுப்புகளிற் பெரிய உண்மை இருக்கிறது.

இடம் போதாது என்பது முதல் மறுப்பு. பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. இந்நிலையில் முப்பத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு பிள்ளையிடமிருந்து எடுப்பதன்றோ என்று பெற்றோர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 300 இடங்களுள்ள ஒரு பீடத்தில் 2 வீதம் என்றால் ஆறு இடம். அந்த ஆறையும் இருக்கும் இடங்களிலிருந்து வெட்டாமல் மேலதிகமாக அனுமதிப்பதே என் முன்மொழிவு. படையினர், விளையாட்டு வீரர் அனுமதியும் சிறு மேலதிகங்களாகவே நடப்பதால், விரிவுரை மண்டபத்தின் நாற்காலிக் கணக்கு இதனால் உடையாது. அதற்குப் பிறகும் ஒருவர் "அந்த ஆறையும் பிள்ளைகளுக்கே கொடுங்கள்" என்றால், அவர் ஒரு கொள்கையைச் சொல்கிறார்: பல்கலைக்கழகம் ஒரு வயதினரின் சொத்து. அந்தக் கொள்கையை நான் ஏற்கவில்லை. பல்கலைக்கழகம் நடப்பது எல்லா வயதினரும் கட்டும் வரியால்.

அடுத்த மறுப்பு, திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டமும் இருக்கின்றனவே என்பது. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் செய்த பணி பெரியது. அதன் யாழ்ப்பாண மையம் போரின் நடுவிலும் பலருக்கு ஒரே வழியாக இருந்தது. உயர்தரம் இல்லாதவருக்கு அடிப்படைக் கற்கைநெறி வைத்திருப்பதும், சட்டமாணி கற்கைக்குத் தெரிவுப் பரீட்சை வைத்திருப்பதும் அதுவே. நான் கேட்பது நடக்கக்கூடியது என்பதற்கு அந்தப் பரீட்சையே சாட்சி. ஆனால் அங்கே கட்டணம் உண்டு. அரச பல்கலைக்கழக உள்வாரிக் கல்விக்கு இல்லை. இலவசக் கல்வியை இழந்தவரிடமே கட்டணம் கேட்கும் ஏற்பாடு இது. அங்கே இல்லாத துறைகளும் உண்டு. மருத்துவம் இல்லை. யாழ்ப்பாணத்திற் கற்பிக்கப்படும் சித்த மருத்துவமும் கர்நாடக சங்கீதமும் பரதமும் இல்லை. இணுவிலிலோ அளவெட்டியிலோ நாதஸ்வரமும் தவிலும் இருபது ஆண்டாகக் கையில் வைத்திருப்பவர், இசையை முறையாகப் படித்துப் பட்டம் பெற விரும்பினால், அவரை இன்று தடுப்பது இசையறிவுக் குறையன்று, ஒரு சான்றிதழ். இசைக்கும் நடனத்துக்கும் உளச்சார்புப் பரீட்சை நடத்தப் பீடத்துக்குத் தெரியும். அந்தப் பரீட்சையின் வாசலுக்கே அவர் வர முடியாதிருக்கிறது.

இவற்றைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்த மண்ணிற் பிறந்த எவரும் அதை உடனே எழுப்புவார். இசட் புள்ளிக்குக் குறைகள் இருக்கலாம், ஆனால் அதற்கு முகம் தெரியாது. சிபாரிசுக் கடிதம் அதனிடம் செல்லாது. நேர்முகம், அனுபவம், விசேட வாசல் என்று தொடங்கினால் அந்த வாசலால் அரசியல்வாதியின் சீட்டும் வரும். தரப்படுத்தலை அனுபவித்த சமூகத்துக்கு இந்த அச்சம் இயல்பானது. 1971 அனுமதியில், மருத்துவத்துக்கு ஒரே பரீட்சையில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 என்று எல்லை வைக்கப்பட்டதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த அநீதியின் தன்மை என்ன? ஒரே வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு அளவுகோல் பிடித்தது. நான் கேட்பதில் வரிசை வேறு. அந்த வரிசைக்குள் அளவுகோல் ஒன்றே: எழுத்துப் பரீட்சை, சுட்டிலக்கம் மறைத்த விடைத்தாள், வெளிப்படையாக வெளியிடப்படும் புள்ளிப் பட்டியல். நேர்முகத்துக்குப் புள்ளியே கூடாது. இந்த நிபந்தனையில் ஒரு சொல் தளர்ந்தாலும் திட்டத்தை நானே எதிர்ப்பேன்.

குடும்பச் சுமையால் அவர்கள் இடையில் விட்டுவிடுவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பிரித்தானியாவில் முதிர் மாணவர் இடைவிலகும் வீதம் இளையோரைவிடக் கூடியது என்பது உண்மை. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. நம் பல்கலைக்கழகங்கள் கேட்கும் 80 வீத வரவு, வேலை செய்பவருக்கும் குழந்தை வளர்ப்பவருக்கும் இலேசானதன்று. ஆனால் இடைவிலகலைத் தடுப்பது ஏற்பாட்டின் வேலை: சம்பளமற்ற கல்வி விடுமுறை, பிள்ளைகள் பராமரிப்பு நிலையம், பகிடிவதையிலிருந்து முழுப் பாதுகாப்பு. இறுதியில் சொன்னது சிறு விடயமன்று. நாற்பது வயதுத் தாய் ஒருவரை முதலாம் வருட மாணவி என்று வரிசையில் நிறுத்தும் வளாகத்துக்கு அவர் ஏன் வர வேண்டும்? பயன் குறைவு என்போருக்கும் ஒரு வார்த்தை. நாற்பதிற் பட்டம் பெறுபவர் அறுபதுவரை இருபது ஆண்டு உழைப்பார். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவரும் பொறியியலாளரும் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போனதைக் கண்டோம். ஊரில் வேரோடியவர், பிள்ளைகளை இங்கேயே வளர்ப்பவர், அவ்வளவு எளிதிற் போகமாட்டார்.

6

முன்மொழிவைச் சுருக்கமாக வைக்கிறேன். இருபத்தைந்து வயது நிரம்பியவர். பாடசாலையை விட்டு ஐந்து ஆண்டாவது கடந்தவர். ஏற்கெனவே பட்டம் பெறாதவர். முன்னர் எத்தனை தடவை உயர்தரம் எழுதினார் என்பது கேட்கப்படக்கூடாது. ஒவ்வொரு பீடமும் தனக்கு வேண்டிய அடிப்படை அறிவைச் சோதிக்கும் வினாத்தாளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தயாரிக்கும். சித்தியடைந்தோர் பட்டியலில் மேலிருந்து கீழாக 2 வீத மேலதிக இடம். தெரிவானவருக்கு வகுப்பு தொடங்குமுன் ஆறு மாத ஆயத்தக் கற்கை. பட்டத்தின் தரம், பரீட்சை, சித்திப் புள்ளி எதிலும் சலுகை இல்லை. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டுமென்று கேட்கவும் கூடாது. மொனராகலையிலும் நுவரெலியாவிலும் காலம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் இழந்த காலத்துக்குப் போர்கூடக் காரணமன்று. தீவு முழுவதற்குமான விதியாக வந்தாற்றான் இது நிலைக்கும்.

தொழிற்கல்வி இந்தத் தெளிவை முன்னரே அடைந்துவிட்டது. தேசிய தொழிற்றகைமை முறையில், பட்டறையிற் பழகிய ஒரு தச்சரின் கைத்திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகாரம் உண்டு. அந்த ஏணியில் ஏறி, தொழிற்றொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பட்டமும் பெறலாம். வாழ்க்கையிற் கற்றதைத் தச்சுப் பட்டறையில் ஏற்கும் நாடு, கலைப்பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அனுமதி மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆணைக்குழுவுக்கு யோசனை அனுப்புவதற்கு எந்த மூதவைக்கும் தடையில்லை. 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் முழுப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மூதவையில் உள்ளவர்கள் சிலர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒரு பக்க விஞ்ஞாபனம். ஏதாவது ஒரு பீடம், ஓர் ஆண்டு, ஆறு இடம், பரீட்சார்த்தமாக. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.